வாய்வார்த்தையில் ஓர் அறை

சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து புறப்படும் ஆர்.இ.ஆர். 'பி' ரயில், பாரிஸில் ஓரிரு பருவம் படிக்க வரும் தமிழ் மாணவரைப் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதற்கு முன் பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலைத் தாண்டித்தான் போகிறது. தெற்கே போனால் 1925-இல் தொடங்கிய சித்தே யூனிவர்சித்தேர் மாணவர் குடியிருப்பு வரும். அங்கே 1968 முதல் இந்திய இல்லமும் இருக்கிறது. இன்னும் தெற்கே சக்ளே பகுதியின் கல்லூரிகள். நடுவில் கார் து நோர் நிலையத்தில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால் முருங்கைக்காயும் இடியப்ப மாவும் நகைக்கடையும் தமிழ்ப் பெயர்ப் பலகைகளும். "முதல்ல லாச்சப்பலுக்குப் போ, மத்ததெல்லாம் அங்க விசாரிச்சுக்கலாம்" என்பது ஊரிலிருந்தே பெட்டியில் போட்டுக் கொடுக்கப்படும் அறிவுரை. அரிசி வாங்கப் போவதில் விவாதத்துக்கு ஒன்றுமில்லை. அறை, வேலை, அலுவல் நடைமுறை எல்லாவற்றுக்கும் அதே தெருவை நம்புவதுதான் ஆராயத்தக்கது.

அந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1962-க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்டு வந்த புதுச்சேரித் தமிழர் கையில் ஆவணத்தோடு வந்தார்கள். 1983-க்குப் பின் பெருமளவில் வந்த ஈழத்தமிழர் ஆவணத்துக்காகக் காத்துக் கிடந்தார்கள். அடையாளத்தையும் முகவரியையும் அரசு கேட்க, இரண்டையும் காட்ட முடியாத நிலையில் அவர்களுக்குக் கைகொடுத்தது வாய்வார்த்தை. இன்னாருக்குத் தெரிந்தவர் என்றால் படுக்க இடம் கிடைக்கும், உணவகச் சமையலறையில் வேலை கிடைக்கும், விண்ணப்பம் எழுதித் தர ஆள் கிடைக்கும். 1985-இல் தொடங்கப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயம் இந்த ஏற்பாட்டின் நடுவில் எழுந்ததுதான். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ அதன் தேர் வீதியுலா வரும்போது, தெருவில் உடையும் தேங்காய்களைப் பார்க்கும் புது மாணவர் பாரிஸ் தினமும் இப்படித்தான் என்று நினைத்துவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் ஆவணமில்லாதவருக்காக உருவான வழிமுறை, ஆவணத்தோடு வருபவருக்குப் பொருந்துமா? அறையை எடுத்துக்கொள்வோம். வாய்வார்த்தையில் கிடைக்கும் அறை அன்றே கிடைக்கும். முன்பணமும் குறைவாக இருக்கும். அதில் இல்லாதது ஒன்றே: எழுத்திலான வாடகை ஒப்பந்தம். பிரான்சில் அந்தத் தாள் வெறும் தாளில்லை. வங்கிக் கணக்குத் திறக்க வசிப்பிடச் சான்று கேட்பார்கள். வாடகை உதவி கேட்பதானாலும் ஒப்பந்தம் வேண்டும். பிணை நிற்க உறவினர் இல்லாத மாணவருக்கென்றே விசால் என்னும் இலவசப் பிணை ஏற்பாடு இருக்கிறது. அதன் சான்றிதழை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே பெற்றிருக்க வேண்டும். இருபது ஆண்டுகளாக வாய்வார்த்தையில் குடியிருப்பவருக்கு இந்த வரிசை தெரிய நியாயமில்லை, அவருக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. வேலையும் அப்படியே. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வரை வேலை செய்யலாம். கணக்கில் காட்டாத சம்பளத்துக்கு நின்றால், சிக்கல் வரும்போது முதலாளியைவிட மாணவரே முதலில் ஆட்டம் காண்பார். ஆக, லாச்சப்பலின் பலமும் பலவீனமும் ஒன்றேதான். தாள் கேட்காமல் நம்புகிறது. ஆகவே தாள் தரவும் அதனால் முடிவதில்லை.

பல்கலைக்கழகம் மட்டும் என்ன கிழித்துவிட்டது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விடுதி அறைகள் போதாத நகரம் இது. அலுவலகத்தைப் பார்க்க முன்பதிவு வேண்டும், முன்பதிவுக்கு இணையக் கணக்கு வேண்டும், மாணவர் பெட்டியோடு நிற்கும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருப்பது லாச்சப்பல் கடைதான். முதல் பத்து நாளுக்கு அந்தத் தெருவை விட்டால் வேறு கதியில்லாத மாணவர் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. என் மறுப்பு பதினோராம் நாளைப் பற்றியது. அவசரத்துக்குப் பிடித்த அறை அதற்குள் பழகிவிட்டிருக்கும். விசாவை வந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டிய மாணவரோ, எந்த முகவரியை எழுதுவது என்று தயங்கிக்கொண்டிருப்பார்.

இன்னொரு குற்றச்சாட்டு அடிக்கடி காதில் விழும்: பாரிஸ் வரை போய்த் தமிழ் பேசுவதா? இதில் எனக்கு உடன்பாடில்லை. 1987-இல் தொடங்கிய எராஸ்மஸ் திட்டத்தில் ஊர் மாறும் ஐரோப்பிய மாணவரும் வெளிநாட்டு மாணவர்களோடுதான் பெரும்பாலும் ஒட்டிக்கொள்கிறார்கள். செத்ரிக் க்ளாபிஷ் 2002-இல் எடுத்த 'லோபெர்ஜ் எஸ்பஞோல்' படத்தில் பாரிஸ் மாணவன் பார்சிலோனா போய்க் குடியேறுவது பலநாட்டு மாணவர் நிறைந்த வீட்டில். அதை உலக அனுபவம் என்று கொண்டாடுபவர்கள் லாச்சப்பலை மட்டும் ஒதுங்கிவாழ்தல் என்பது சரியில்லை. தவிர, தமிழ்நாட்டு மாணவருக்கு அந்தத் தெரு அவ்வளவு சொந்த வீடும் இல்லை. 'கதைக்கிறது', 'வடிவு' என்ற சொற்களோடு, அவர் செய்தித்தாளில் மட்டும் படித்த ஒரு போரைத் தாங்கி வந்த மனிதர்கள் கல்லாவில் இருக்கிறார்கள். புளி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுபவருக்கு அது கண்ணில் படுவதில்லை. தெருவுக்கு அதிகம் போவதைவிட, வெறும் வாடிக்கையாளராகவே போய்வருவதைத்தான் நான் குறை என்பேன்.

கடைசியாக ஒரு சிக்கல், இதற்கு யாரையும் பழிக்க முடியாது. ஓரிரு பருவத்துக்கு மட்டும் வரும் பரிமாற்ற மாணவரின் விதிகள் வழக்கமான மாணவரின் விதிகள் அல்ல. 2019-இல் ஐரோப்பியரல்லாதவருக்கு இளங்கலைக்கு 2,770, முதுகலைக்கு 3,770 யூரோ என்று உயர்த்திய கட்டணம் அவரைத் தொடாது. வளாக வாழ்க்கைக்கென்று 2018 முதல் வசூலிக்கும் தொகையிலிருந்தும் அவருக்கு விலக்கு உண்டு. இதையெல்லாம் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவர் மே மாதத்திலோ ஜூனிலோ விமானம் ஏறிவிடுகிறார். தங்கிவிட்டவர்களின் அறிவு தெருவில் சேர்ந்துகொண்டே போகிறது. போய்விடுபவர்களின் அறிவு அவர்களோடு போய்விடுகிறது. அடுத்த செப்டம்பரில் கார் து நோரில் இறங்கும் மாணவர் அதே கடையில், அதே கேள்வியை, முதல் ஆளாகக் கேட்பார். கடைக்காரரும் தனக்குத் தெரிந்ததை அன்போடு சொல்வார்.