கவிஞருக்குப் பரிசு, கவிதைக்கு?

சாகித்திய அகாதெமியின் தமிழ்ப் பரிசுப் பட்டியலையே ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கிறேன். பாரதிதாசனுக்கு 1969இல் பரிசு, இறந்து ஐந்து வருஷம் கழித்து. அதுவும் 'பிசிராந்தையார்' நாடகத்துக்கு. கண்ணதாசனுக்கு 1980இல், 'சேரமான் காதலி' நாவலுக்கு. க.நா.சு.வும் கவிதை எழுதினவர்தான். 1986இல் கிடைத்தது விமர்சன நூலுக்கு. 2003இல் வைரமுத்துவுக்கும் நாவலுக்குத்தான். தற்செயல் என்று விட்டுவிட மனசு வரவில்லை. நிறுவனத்துக்குக் கவிஞன் என்கிற பெயர் வேணும், கவிதை வேணாம் என்பதாகவே படுகிறது.

1978ஐப் பாருங்கள். 'புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்' எழுதிய வல்லிக்கண்ணனுக்குப் பரிசு. (தகுதியான நூல்தான், அதில் தகராறு இல்லை.) ஆனால் அந்த வரலாற்றின் முன்னோடி ந. பிச்சமூர்த்தி 1976லேயே அகாதெமி பரிசு இல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். வரலாறாக உறைந்துபோன கவிதையோடு அதிகாரத்துக்குச் சங்கடம் ஏதுமில்லை.

தொகுதிகளுக்கே தரவில்லையா என்றால், தந்திருக்கிறார்கள். 1999இல் அப்துல் ரகுமானின் 'ஆலாபனை' ஓர் உதாரணம். 2017இல் இன்குலாபின் 'காந்தள் நாட்கள்'. அப்போது அவர் உயிரோடில்லை. இந்த முறை கவிதைக்கேதான் கொடுத்தார்கள். ஆனால், எதிர்த்தே எழுதிக்கொண்டிருந்த மனுஷன், இனி பதில் பேச வாயில்லாதபோது. அந்தப் பதிலை அவர் குடும்பத்தார் சொன்னார்கள்: பரிசு வேண்டாம்.