நரைத்த பலகையின் நிறம்

கனடிய வீடுகளின் பின்புறம் இருக்கும் மரத்தளத்துக்கு, அதாவது டெக்குக்கு, சாயம் பூசும் நாளைவிட அதற்கு முந்தைய நாட்களே எனக்குப் பிடித்தவை.

சில குளிர்காலங்களைக் கண்ட செடார் பலகை சாம்பல் பூத்துவிடும். வெயிலின் புற ஊதாக் கதிர், மரநாரைப் பிணைத்திருக்கும் லிக்னினைச் சிதைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. ஆனால் அந்த நரை மேலோடுதான். அழுக்குப் போகத் தேய்த்துக் கழுவிய ஈரப் பலகையில் ஆக்சாலிக் அமிலக் கரைசலைத் தடவிச் சற்று விட்டு அலசினால், உள்ளிருந்த செம்பழுப்பு மெல்ல மேலெழுந்து வரும். இதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்! அழுத்தத் தண்ணீர்க் குழாயைப் பலகைக்கு நெருக்கிப் பிடிப்பவர்களைக் கண்டால் மனம் பதறுகிறது. செடார் மென்மரம், நார் பிய்ந்து சிலிர்த்துவிடும். கைப் பிரஷ் போதும்.

காய ஓரிரு நாள் ஆகும். பிறகு, துருத்தும் ஆணித் தலைகளை உள்ளே இறக்கிவிட்டு, 60 அல்லது 80 எண் உப்புத்தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். அதைவிட வழவழப்பாக்கினால் சாயம் உள்ளே இறங்காது. 2004க்கு முன் போட்ட, மருந்தேற்றிய பைன் பலகை என்றால் தேய்க்கவே கூடாது. அந்தத் தூளில் ஆர்சனிக் இருக்கக்கூடும்.

கடைசியாகச் சில சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பேன். முத்து முத்தாக நின்றால் பழைய பூச்சு இன்னும் மிச்சம் இருக்கிறது. உடனே உறிஞ்சிக்கொண்டால் சாய டின்னைத் திறக்கலாம்.