பச்சைத் தண்ணீர்

‘ஃபைண்டிங் நீமோ’ 2003ல் வந்தது. பிக்ஸார் தயாரிப்பு, ஆண்ட்ரூ ஸ்டான்டன் டைரக்‌ஷன், மறு வருஷமே சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர். வீட்டில் குழந்தைகள் இருந்தால் நீங்களும் கூட உட்கார்ந்து நாலைந்து தடவையாவது பார்த்திருப்பீர்கள். தொலைந்துபோன பிள்ளையைக் கடல் முழுக்கத் தேடும் அப்பா மீனைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பிடித்தது மற்ற பாதி. சிட்னியில் ஒரு பல் டாக்டரின் க்ளினிக்கில் இருக்கும் மீன் தொட்டி. அதை இத்தனை கவனமாகப் பார்த்த படம், ஒரே ஒரு இடத்தில் சறுக்குகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். அந்தத் தொட்டியில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு ஸ்க்ரூ கழன்றிருக்கிறது. ஒரு மீன் நாள் முழுக்கக் குமிழிகளைத் துரத்துகிறது. இன்னொன்று கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தைக் கூடப்பிறந்தவள் என்று நம்புகிறது. சிரிக்கிறோம். ஆனால் கண்ணாடியில் தெரியும் தன்னோடே சண்டை போடும் மீனை, தொட்டி வைத்திருப்பவர்கள் நிஜத்திலேயே பார்த்திருப்பார்கள். தலைவன் கில், ‘மூரிஷ் ஐடல்’ வகை. தொட்டியில் வளர்க்க ரொம்பக் கஷ்டமான மீன், பல சமயம் சாப்பிட மறுத்தே செத்துப்போகும். தப்பிப்பதே குறியாக இருக்கும் பாத்திரத்துக்கு அந்த மீனைப் பொறுக்கியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

இப்போது சறுக்கல். கில்லின் திட்டம் இதுதான். கூழாங்கல்லைச் செருகி ஃபில்டரை நிறுத்திவிட வேண்டும். தொட்டி அழுக்காகும். சுத்தம் செய்ய டாக்டர் மீன்களைப் பைகளில் போட்டு வெளியே வைப்பார். அப்படியே ஜன்னல் வழியே உருண்டு கடலுக்கு! அதன்படி ஃபில்டர் நிற்கிறது, தண்ணீர் பச்சைப் பசேலென்று மாறுகிறது, உள்ளே இருப்பவர்கள் ‘உவ்வே’ என்று முகம் சுளித்தபடி சௌக்கியமாக இருக்கிறார்கள்.

நிஜத்தில் இருக்க மாட்டார்கள். ஃபில்டர் என்பது குப்பை பிடிக்கும் சல்லடை மட்டுமல்ல. மீன் தன் செவுள் வழியே ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது விஷம். ஃபில்டரில் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்குகிறது. இதை மீன் ஓரளவு தாங்கும், பாதித் தண்ணீரை மாற்றினால் குறைந்துவிடும். ஃபில்டர் நின்றால் ஆக்ஸிஜன் இல்லாமல் பாக்டீரியாக்கள் சாகும், அம்மோனியா ஏறும். பச்சை என்பது வெறும் பாசி. பாசி அம்மோனியாவைக் கொஞ்சம் தின்னவும் செய்யும். கொல்லும் அம்மோனியாவுக்கோ நிறமே கிடையாது.

கடைசியில் டாக்டர் புது எந்திரம் ஒன்று வாங்கி மாட்டுகிறார். தொட்டி ஒரே ராத்திரியில் பளிங்கு. எந்திரம் தண்ணீரின் சூட்டையும் பிஹெச்சையும் அறிவிக்கிறது. அம்மோனியா பற்றி மூச்சு விடவில்லை. இத்தனைக்கும் கடல் தண்ணீரின் பிஹெச் எட்டுக்கு மேல், அங்கேதான் அம்மோனியாவின் விஷம் பல மடங்கு.

‘கார்ட்டூனில் போய் கெமிஸ்ட்ரி தேடுவதா?’ என்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் படம் சொல்லும் ‘பச்சை கெட்டது, பளிங்கு நல்லது’ என்பதைத்தான் நம் வீட்டு ஹாலிலும் நம்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை மீன்களைப் பக்கெட்டில் விட்டு, தொட்டியைக் கவிழ்த்து, கல்லையும் ஸ்பாஞ்சையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புகிறோம். பளபளவென்று இருக்கிறது. பாக்டீரியா போயே போச்சு, மிச்சமிருப்பதைக் குழாய்த் தண்ணீரின் குளோரின் கவனித்துக்கொள்ளும். புதுத் தொட்டியில் அவை மறுபடி குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். ‘நேத்துத்தான் சார் க்ளீன் பண்ணினேன், இன்னிக்குச் செத்துக் கிடக்கு’ என்று கடைக்காரரிடம் புலம்புகிறவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

படம் தொடாத இன்னொரு விஷயம், வளர்த்தி. ‘தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும்’ என்று ஒரு ஐதீகம். செருப்பின் அளவுக்குத்தான் கால் வளரும் என்பது மாதிரி. சின்னத் தொட்டியில் மீன் அடங்கிப்போவதில்லை, வளர்ச்சி குன்றி நோயாளியாகிறது. மூன்று அங்குலத்தில் வாங்கிய ஆஸ்கர் ஒரு அடி ஆகும். நீளம் நாலு மடங்கு என்றால் எடை சுமார் அறுபத்து நாலு மடங்கு. சாப்பாடும் கழிவும் பல மடங்கு. இரண்டடிக்கு ஓரடிக்கு ஓரடித் தொட்டியில் பிடிப்பது சுமார் 57 லிட்டர். நாலடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை என்றால் 255 லிட்டர். ஒரே ஓர் ஆஸ்கருக்கு இந்த இரண்டாவதே ஆரம்ப அளவு. வாஸ்துவுக்கென்று வாங்கும் அரோவானா மூன்றடி வரை போகும். ஒன்றரை அடி அகலத்தில் அது உடம்பை மடிக்காமல் திரும்ப முடியாது. விரல் நீளத்தில் அழகாக இருக்கும் ரெட் டெயில் கேட்ஃபிஷ் ஒரு மீட்டரைத் தாண்டும். அதற்கு ஹால் போதாது, குளம் வேண்டும்.

அப்புறம் என்ன ஆகும்? படத்தின் முடிவுதான். எல்லோரும் தப்பித்துக் கடலில் மிதக்கிறார்கள், பிளாஸ்டிக் பைகளுக்குள்ளேயே! அடுத்து என்ன செய்வதென்று முழிக்கிறார்கள். படத்தின் ஆகச் சிறந்த ஜோக் இது. நம் ஊரில் வளர்ந்துவிட்ட மீனை ஏரியில் விட்டுப் புண்ணியம் தேடுகிறார்கள். ‘டேங்க் க்ளீனர்’ என்று விற்கப்படும் தென் அமெரிக்க மீன் சென்னைப் பக்கத்து ஏரி குளங்களில் பெருகி, உள்ளூர் மீன்களின் பிழைப்பைக் கெடுப்பது இப்படித்தான் தொடங்கியது.

அதனால் அடுத்த முறை கொளத்தூரில் மீன் கடைக்குப் போனால், ‘என்ன விலை?’ என்று கேட்பதற்கு முன் ‘எவ்வளவு பெரிசாகும்?’ என்று கேளுங்கள். கூடவே அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். தண்ணீரில் சில சொட்டு விட்டால் நிறம் மாறிக் காட்டும். அங்கே பச்சை தெரிந்தால் கவலைப்படலாம்.