மண்டிக்கு வந்த ஐபோன்

ஊத்தங்கரையில் மாங்காய் மண்டி வைத்திருப்பவன் ஐபோன் வாங்கினால் ஊர் சும்மா இருக்குமா? 'இந்த வருஷம் விளைச்சல் நல்லாத்தான் இருந்திருக்கு' என்றார் ஒருவர். 'பவுசுக்கு வாங்கியிருக்காரு' என்றார் இன்னொருவர். சொல்லிக்கொள்ளட்டும். கையில் பிடித்த போன்களிலேயே இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆண்ட்ராய்டில் இருந்து மாறலாமா என்று லோடு ஏற்ற வருகிறவர், எடை போட வருகிறவர் எல்லாம் கேட்கிறார்கள். சொல்லி மாளவில்லை. எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் வீடியோ. எங்கள் பக்கத்துக் கிளிமூக்குக் காய் பெரும்பாலும் பழக்கூழ் ஆலைக்குப் போகிறது. அதற்கு அழகு பார்ப்பவர் யாருமில்லை. செந்தூரா, பீத்தர், மல்கோவா அப்படியில்லை. பெங்களூர், கோலார் பக்கத்து வியாபாரி வீடியோ பார்த்த பிறகுதான் விலையே பேசுவார். என் பழைய போன் எதை எடுத்தாலும் பளபளவென்று மாற்றிவிடும். செந்தூராவின் தோள்பட்டைச் சிவப்பு குங்குமமாகத் தெரியும், தோலில் உள்ள புள்ளியெல்லாம் மழுங்கிவிடும். கல்யாண ஆல்பத்துக்கு அது சரி. லோடு இறங்கின பிறகு 'வீடியோவுல இப்படி இல்லையே' என்று விலையைக் குறைப்பாரே, அந்த இடத்தில்தான் வலிக்கும்.

இந்த ஐபோன் 15-ல் முதன்முதலாக ஒரு கூடையை எடுத்து அனுப்பினேன். வாட்ஸ்ஆப்பில் இப்போது எச்.டி. தரத்திலேயே வீடியோ போகிறது. அடுத்த நிமிஷம் வியாபாரி கூப்பிட்டார்: "அண்ணே, மேல இருக்கிற காயில காம்புப் பக்கம் பால் வடிஞ்சிருக்கே, கூடை முழுக்க அப்படியா?" எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லவே முடியாது! தோலில் காய்ந்து நூல் மாதிரி ஓடியிருந்த அந்தப் பால் கறையை, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதர் பார்த்துவிட்டார். "மேல ரெண்டு காய்தான்" என்றேன். விலை முடிந்தது. இறங்கின இடத்தில் ஒரு பேச்சும் எழவில்லை. குறையையும் மறைக்காமல் காட்டும் கேமராதான் வியாபாரிக்கு வேண்டும்.

இவ்வளவு நல்ல போனுக்கு முன்னாடியே மாறாமல் எது தடுத்தது? விலை ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், சேர்த்து வைத்த பேச்சு போய்விடுமே என்பதுதான். எந்தத் தோப்புக்கு எவ்வளவு முன்பணம், எந்த லாரி என்றைக்குப் போனது எல்லாம் வாட்ஸ்ஆப்பில்தான் கிடக்கிறது. எங்கள் கணக்குப் புத்தகமே அதுதான்.

நாம் போன் மாறிய கதையைத் திரும்பிப் பார்த்தால் இது விளங்கும். ஒரு காலத்தில் எல்லார் சட்டைப் பையிலும் நோக்கியா. அதுவும் நம்ம ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் தொடங்கிய ஆலையில் இருந்து வந்தது. 2014-ல் அந்த ஆலை மூடியது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. 4ஜி இல்லாத கைபேசியில் அந்த சிம் வேலை செய்யாது. 2017-ல் நோக்கியாவின் சிம்பியன் போன்களுக்கு வாட்ஸ்ஆப் நின்றது. பிளாக்பெர்ரியின் பழைய போன்களுக்கு அதே வருஷக் கடைசியோடு, விண்டோஸ் போனுக்கு 2019 கடைசியோடு முடிந்தது. அன்றைக்கு நாம் ஆண்ட்ராய்டுக்குப் போனது ஆசைப்பட்டு இல்லை, பேச ஆள் எல்லாரும் அங்கே போய்விட்டதால். தள்ளிவிட்டார்கள், போனோம்.

இந்த முறை யாரும் தள்ளவில்லை, நானாகப் போனேன். அதற்கு வழி திறந்தது 2022-ல்தான். ஆண்ட்ராய்டில் இருந்து ஐபோனுக்கு மாற்றும் 'மூவ் டு ஐஓஎஸ்' செயலியை ஆப்பிள் 2015-லேயே விட்டிருந்தாலும், வாட்ஸ்ஆப் பேச்சுகள் அதன் வழியாக வரத் தொடங்கியது 2022-ல். புதுப் போன் வாங்கிய ராத்திரி இரண்டு போனையும் சார்ஜரில் போட்டு மேஜையில் வைத்தேன். புதுப் போனில் ஒரு எண் வந்தது, அதைப் பழைய போனில் அடித்தேன். ஒரு கோடு மெதுவாக நகர்ந்தது. முடிந்ததும் புதுப் போனில் அதே நம்பரைப் போட்டு வாட்ஸ்ஆப்பைத் திறந்தால், எல்லாம் இருக்கிறது! செத்துப்போன என் மாமா கடைசியாக அனுப்பிய குரல் பதிவு வரைக்கும். வீடு மாறும்போது பசுவோடு கன்றும் தானாகவே பின்னால் நடந்து வந்த மாதிரி இருந்தது. மனிதன் மாறாமல் இருப்பது பழைய போன் மேல் உள்ள பாசத்தால் இல்லை. சேர்த்ததெல்லாம் கூட வருகிறது என்று தெரிந்தால் யாரும் மாறுவார்கள்.

அடுத்தது சார்ஜர். 2023-ல் வந்த இந்த மாடலில் இருந்துதான் ஐபோனுக்கும் டைப்-சி. லாரி டிரைவர், டீக்கடை, எடை மேடை எங்கே போனாலும் கிடக்கிற அதே ஒயர். இதற்கு முந்தைய ஐபோன் வைத்திருந்த என் மச்சான், சார்ஜருக்காக ஊரெல்லாம் கேட்டு அலைவார். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை.

ஆயுசையும் சொல்ல வேண்டும். 2019-ல் வந்த ஐபோன் 11-க்கு 2025-ல் ஐஓஎஸ் 26 வந்திருக்கிறது. ஆறு வருஷம் கழித்தும் புது மென்பொருள்! ஆண்ட்ராய்டிலும் கூகுள் பிக்சல் 8, சாம்சங் எஸ் 24 முதல் ஏழு வருஷ வாக்குறுதி கொடுக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் எங்கள் கைக்கு வரும் விலையில் உள்ள போன்களுக்கு அந்த யோகம் குறைவு. முதலில் பெரிய தொகையாகத் தெரிந்தாலும், வருஷக் கணக்கில் வகுத்துப் பார்த்தால் அவ்வளவு வலிக்கவில்லை.

தமிழில் எழுத வருமா என்று கேட்பவர்களுக்கு: 2013-ல் ஐஓஎஸ் 7-லேயே அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் வந்துவிட்டன. முரசு அஞ்சல் தந்த மலேசியாவின் முத்து நெடுமாறனை நினைத்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தட்டத் தொடங்கலாம்.

எனக்குப் பெருமை தருவது இன்னொன்று. ஐபோனின் உலோகக் கூடு ஓசூர் பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராகிறது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அங்கே வேலை செய்யும் எதிர் வீட்டுப் பிள்ளை லீவில் வந்தபோது என் போனை வாங்கிப் பார்த்தாள். திரையைத் தொடவே இல்லை. விளிம்பைத்தான் நகத்தால் தடவிக்கொண்டே போனாள். "இந்த ஓரம் பாத்தீங்களா பெரியப்பா, எங்கேயும் நகம் மாட்டாது" என்றாள். அதன் பிறகு நானும் தினம் ஒரு தடவை தடவிப் பார்க்கிறேன். உண்மைதான், மாட்டவில்லை!

குறை இல்லையா? இருக்கிறது. விலை பேசுவதைப் பதிவு செய்கிற பழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. ஐபோனில் அந்த வசதி 2024-ல்தான் வந்தது, அதுவும் எதிரில் இருப்பவர் காதிலும் 'பதிவாகிறது' என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கும். விலை சொல்ல வந்தவர் சட்டென்று மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுகிறார். அதுவும் ஒரு நன்மைதான்.

மாற நினைப்பவர்களுக்கு என் யோசனை. காய் வரத்து தொடங்கும் முன்பே மாறிவிடுங்கள், சீசன் நடுவில் கை வைக்காதீர்கள். புதுப் போனில் யு.பி.ஐ. செயலியை மறுபடி பதிய வேண்டும். உங்கள் சிம்மில் இருந்து போக வேண்டிய மெசேஜை நீங்களே அம்புக்குறியைத் தட்டி அனுப்ப வேண்டும். ஐபோனில் முதல் 72 மணி நேரம் வரை பெரிய தொகை போகாது என்பதால், தோப்புக்காரருக்கு முன்பணம் கொடுக்கிற நாளாகப் பார்த்து மாறாதீர்கள். பழைய போனை ஒரு வாரமாவது அழிக்காமல் வைத்திருங்கள். மற்றதைப் புதுப் போனே பார்த்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் மண்டிக்கு வாங்க, டீ என் கணக்கு.