இளைத்த கப்சாய்

1958-இல் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அன்றைய மலாயாவுக்கு ஹோண்டா மோட்டார்சைக்கிளைக் கொண்டுவந்தார். ‘கப்’ என்ற அதன் மாடல் பெயரோடு, சிறிசு என்று பொருள்படும் சீனச் சொல் ‘சாய்’ ஒட்டிக்கொண்டது. பினாங்கின் பிறை தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்களின் வண்டி இந்தக் கப்சாய்.

பழைய ஹோண்டா இஎக்ஸ்5 கப்சாய் ஒன்றைப் பிரித்து இளைக்க வைப்பது அழகான வேலை. 97 சிசி எஞ்சினுக்கு ஒவ்வொரு கிலோவும் பாரம். இரும்புப் பட்டைக்குப் பதில் அலுமினியத் தகடு. அட்டையில் அளவெடுத்து, வெட்டி, துளையிட்டு, அரத்தால் ராவி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, மறுபடி ராவ வேண்டும். துளையின் விளிம்பில் பிசிறு நின்றால், அதிர்வில் விரிசல் அங்கேதான் தொடங்கும். கடையில் வாங்கும் பாகத்தில் இந்தக் கைத்தடம் ஏது?

பிரேக், முன் ஃபோர்க் பக்கம் மட்டும் டிரில்லைக் கொண்டுபோகாதீர்கள்.