நடுகல் நிற்க வேண்டிய இடம்

சூளகிரி வட்டாரத்தின் வயல்களிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. அவற்றைப் பெயர்த்துக் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது ஒன்று. வேடியப்பன் என்ற ஊர்த்தெய்வமாகக் கும்பிடும் கல்லில் வெளியார் கை வைக்கக் கூடாது என்பது மற்றது. கல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும் என்பதுதான் என் முடிவும். ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி தேறாது.

முதலில் தேறாததைப் பார்த்துவிடலாம். வழிபாடு இருக்கும்வரை கல்லுக்குச் சேதமில்லை என்கிறார்கள். எண்ணெயும் மஞ்சளும் ஆண்டுக்கணக்கில் படிந்து எழுத்தின் பள்ளத்தை மூடிவிடுகின்றன. திருவிழாவுக்குத் திருவிழா எனாமல் பெயின்ட் ஏறுகிறது. வீரன் கையில் இருப்பது வில்லா வாளா என்பதே மறைந்துபோகிறது. எல்லாவற்றிலும் கொடுமை சிமென்ட். கல்லைச் சுற்றி மேடை கட்டி டைல்ஸ் ஒட்டும்போது அடிப்பகுதி புதைந்துவிடுகிறது. அங்கே எழுத்து இருந்தால் அதையும் மேடை விழுங்கிவிடும். பக்தியோடு செய்வதால் இது சேதம் இல்லையென்று ஆகிவிடாது. புதையல் இருக்கும் என்று நம்பி இரவில் கல்லைச் சாய்ப்பவர்களையும் வழிபாடு தடுத்துவிடுவதில்லை.

அப்படியானால் அருங்காட்சியகமே மேல் அல்லவா? 1993இல் தொடங்கிய கிருஷ்ணகிரி அருங்காட்சியகம் கேட்பாரற்றுப் போயிருக்கக்கூடிய பல கற்களுக்கு இடம் கொடுத்தது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நடுகல் தனிச் சிற்பம் அன்று, ஓர் இடத்தைப் பற்றிய வாக்குமூலம். ஆநிரை கவர்ந்த பூசல், ஊரழிவு, புலியோடோ பன்றியோடோ நடந்த போராட்டம் எதுவானாலும், இந்த அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில் இன்னான் பட்டான் என்று கல் சொல்கிறது. பல்லவரும் கங்கரும் நுளம்பரும் மாறி மாறி உரிமை கொண்டாடிய எல்லைநிலம் இது. எவன் ஆட்சி எந்த ஏரிவரை செல்லுபடியானது என்பதற்கு இங்கே செப்பேட்டைவிட நடுகல்லே நெருங்கிய சாட்சி. கங்கனின் ஆண்டைச் சொல்லும் கல்லை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் வைத்தால் எழுத்து மிஞ்சும், எல்லை போய்விடும்.

நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, எழுத்தைத் தாளில் ஒற்றி மைப்படி எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வரலாற்றாசிரியனுக்கு அது போதும். கல்லை நட்டவர்களுக்குப் போதுமா என்பதற்கு ஆதகூர்க் கல்லிலேயே விடை இருக்கிறது. கர்நாடகத்து மண்டியா பகுதியில், பொ.ஆ. 949-950 காலத்தில், காளி என்ற வேட்டைநாய் பெரும்பன்றியோடு மோதி இறந்ததற்காக நடப்பட்ட கல் அது. அந்த நாயைக் கங்க மன்னன் பூதுகனிடம் பரிசாகக் கேட்டுப் பெற்றவன் மணலேரன் என்ற வீரன். கல்லைச் சிவன் கோயில் முன் நிறுத்தி நிலமும் விட்டான். அங்குள்ள பூசகர் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்டால் அந்த நாயின் பாவம் அவரைச் சேரும் என்று அதில் பொறித்தும் வைத்தார்கள். இன்று கல் பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எழுத்து பத்திரமாக இருக்கிறது. எழுத்து கேட்ட கடமை நின்றுவிட்டது. தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் படிநிலைகளிலும் கல்லைத் தேர்வதும் நீராட்டுவதும் நடுவதும் வாழ்த்துவதும் ஒரே தொடர். செதுக்குவதோடு கல்லின் வேலை முடிந்துவிடுவதில்லை.

வழிபடு கல்லை அதன் இடத்திலேயே காத்த அனுபவம் எங்கே நீளமாக இருக்கிறது என்று தேடினால் இங்கிலாந்தின் கிராமத் தேவாலயங்களுக்குப் போக வேண்டியிருக்கிறது. ஹெரிஃபோர்டுஷயரில் எர்டிஸ்லி என்ற ஊரின் தேவாலயத்தில் ஏறத்தாழ 1150ஐச் சேர்ந்த கல் திருமுழுக்குத் தொட்டி ஒன்று இருக்கிறது. அதன் உடலைச் சுற்றி, பின்னிய கொடிகளுக்கு நடுவே இரண்டு வீரர்கள் ஈட்டியும் வாளுமாக மோதுகிறார்கள். சற்றுத் தள்ளிக் கிறிஸ்து ஒரு மனிதனின் கையைப் பிடித்துக் கொடிச்சிக்கலிலிருந்து இழுக்கிறார். அப்புறம் ஒரு சிங்கம். அந்த வீரர்கள் அவ்வூர்ப் பிரபுக்கள் இருவர் என்பது உள்ளூர்க் கதை. ஆன்மாவின் போராட்டம் என்பது கலை வரலாற்றாரில் பலர் கருத்து. அடித்தட்டில் சண்டை, நடுவில் வீரனைத் தூக்கிச் செல்லும் அரம்பையர், உச்சியில் சிவலிங்கம் என்று அமைந்த நடுகற்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டாவது விளக்கமே பொருந்துகிறது. எழுத்துள்ள நம் கல்லில் சண்டைக்காரனுக்குப் பெயர் உண்டு, தொட்டியில் இல்லை. இருவரின் நினைவாக வெட்டியிருந்தால் பெயரை விட்டிருக்க மாட்டார்கள்.

இந்தத் தொட்டிகள் பட்ட பாடும் சிறிதன்று. மந்திரித்த நீரைச் சூனியக்காரர் திருடுகிறார்கள் என்று 1236 வாக்கில் காண்டர்பரி பேராயர் எட்மண்ட் மூடி போட்டுப் பூட்டச் சொன்னார். 1640களில் தூய்மைவாதிகள் கை ஓங்கியபோது பல தொட்டிகள் பிடுங்கப்பட்டன; சில, பண்ணைகளில் மாடு நீர் குடிக்கும் தொட்டிகளாயின. பல தலைமுறை மழையில் கிடந்து திரும்பிய தொட்டியின் சிற்பம் மழுங்கியிருக்கும். கூரைக்குள் இருந்ததன் உளித்தடம் இன்றும் கூர்மையாக இருக்கும். ஆக, வழிபாடு மட்டும் அவற்றைக் காக்கவில்லை. கூரையும் சட்டமும் சேர்ந்து காத்தன. ஆங்கிலிகன் தேவாலயத்தில் தொட்டியை நகர்த்த வேண்டுமென்றால் பங்குக் குருவே ஆனாலும் மறைமாவட்ட அனுமதி பெற வேண்டும். வழிபாடு நின்றுபோன தேவாலயங்களைக் கட்டடத்தோடும் தொட்டியோடும் ஏற்றுக்கொள்ள 1969இல் தனி நிதியமே தொடங்கினார்கள்.

இதை அப்படியே சூளகிரிக்குக் கொண்டுவர முடியாது. அங்கே கல் கட்டடத்துக்குள் இருக்கிறது, கட்டடம் திருச்சபையுடையது. இங்கே கல் பெரும்பாலும் வெட்டவெளியில், பட்டா நிலத்தில் நிற்கிறது. தமிழ்நாட்டின் 1966ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டம், பாதுகாக்கப்பட்டது என்று அறிவித்த சின்னத்தைத்தான் காக்கிறது. அறிவிப்பில் வராத வேடியப்பனுக்கு அது குடை பிடிக்காது. தேசிய நெடுஞ்சாலை 44இன் இருபுறமும் நிலம் மனையாகவும் ஆலையாகவும் மாறுகிறது. சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் எடுக்கும்போது கிணறும் மரமும் கணக்கில் ஏறுகின்றன. கல்லையும் கணக்கெடுக்க வேண்டும். ஜேசிபி இறங்குவதற்கு முன் மைப்படி எடுத்தாக வேண்டும்.

ஆலை வந்தால் கல் நிற்காது என்பதையும் நான் ஏற்கவில்லை. பெங்களூர் ஹெப்பாளத்தில் 2018இல் வடிகால் தோண்டும்போது, கங்க மன்னன் ஸ்ரீபுருஷன் காலத்து, ஏறத்தாழ 750ஐச் சேர்ந்த கிட்டய்யாவின் நடுகல் கிடைத்தது. நம் ஓசூர்ப் பக்கத்தைவிடப் பன்மடங்கு விலை போகும் நிலம் அது. அப்பகுதி மக்கள் கல்லை அங்கேயே நிறுத்தி மண்டபம் கட்டினார்கள். அங்கே பழைய பூசை தொடர்ந்து வந்ததும் கிடையாது. தங்கள் ஊரின் பெயர் அத்தனை பழையது என்று அறிந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஆகவே கும்பிடும் கல்லோ, கும்பிட ஆளில்லாவிட்டாலும் ஊர் காக்க முன்வரும் கல்லோ, நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது. அதற்கு ஈடாக ஊர் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். எழுத்தின் மேல் பெயின்ட் கூடாது. மேடை கட்டினால் கல்லைத் தொடாமல் கட்ட வேண்டும். எண்ணெய்க்குப் பதில் நீராட்டும் பூவும் போதும். நீராட்டுதான் பழைய முறை. இந்தப் பக்கத்துச் சில நடுகற்களுக்கு நட்டவர்களே மூன்று புறமும் பலகைக்கல் நிறுத்தி மேலே மூடுகல் வைத்திருக்கிறார்கள். மற்றவற்றுக்கும் அந்த மாதிரியில் கூரை கொடுக்கலாம். நிலம் முழுதும் போய், ஊரும் கைவிட்டுவிட்ட கல்லுக்குத்தான் அருங்காட்சியகம். அங்கும் பலகையில் அரசன் பெயருக்கு முன்னால் ஊர்ப் பெயரையும், கல் நின்ற ஏரியின் பெயரையும், அது எந்தத் திசை பார்த்து நின்றது என்பதையும் எழுத வேண்டும்.