நூலக அறிவியலின் ஐந்து விதிகள்: பயிலுநர் நிலை குறித்த ஒரு மதிப்பீடு

1931ஆம் ஆண்டில் சென்னை நூலகச் சங்கம் வெளியிட்ட எஸ். ஆர். இரங்கநாதனின் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’, நூலகவியலுக்குக் கோட்பாட்டு அடித்தளம் அமைத்த நூலாகும். நூலின் பயன்பாடு, வாசகரின் தேவை, அவரது நேரம், நூலகத்தின் வளர்ச்சி என்பவற்றை அது விதிகளாக வகுத்தது. நூலகரின் கல்வியும் ஊதியமும் நூலினுள்ளே விவாதிக்கப்படுகின்றன. எனினும், புதிய நூலகர் எவ்வாறு உருவாகிறார் என்னும் வினா ஒரு விதியாக உயர்வு பெறவில்லை. இக்குறை ஆழ்ந்து நோக்கற்பாலது.

இரங்கநாதனின் வாழ்வே இவ்வினாவுக்குச் சிறந்த விடையைத் தருகின்றது. கணித ஆசிரியராயிருந்த அவர், நூலகப் பயிற்சி எதுவுமின்றியே 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டார். அதன் பின்னரே லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகவியற் பள்ளிக்குச் சென்றார். அங்கு அவருக்கு வழிகாட்டிய பேர்விக் சேயர்ஸ், குறொய்டன் பொது நூலகத்தின் தலைமை நூலகராகவும் விளங்கினார். அந்நூலகத்தின் அன்றாட இயக்கத்தை இரங்கநாதன் அருகிருந்து அவதானித்தார். பதவி முன்னர் வந்தது. மூத்தவரின் துணையோடு கற்றல் பின்னர் வந்தது.

தொழிலின் வரலாறோ வேறு திசையிற் சென்றது. முன்னர் பெரும்பாலோர் பணியிடத்திலேயே தொழில் பழகினர். 1887இல் மெல்வில் டூயி கொலம்பியாவில் தொடங்கிய பள்ளி இக்கல்வியை வகுப்பறைக்குக் கொணர்ந்தது. 1923இல் வெளியான வில்லியம்சன் அறிக்கை, அதனைப் பல்கலைக்கழகத்தினுள் நிலைநிறுத்த வேண்டுமென வற்புறுத்தியது. இரங்கநாதனும் 1929இல் சென்னையிற் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். தொழிலின் மதிப்பு இவற்றால் உயர்ந்ததென்பதை மறுத்தல் இயலாது.

ஆயினும், பகுப்பாக்கத்தையும் பட்டியலாக்கத்தையும் வகுப்பறை கற்பிக்கலாம். உசாத்துணை மேசையில் நிகழ்வதை முழுமையாகக் கற்பித்தல் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நிலவுடைமை ஆவணமொன்றைத் தேடிவரும் மாணவர், ‘வரலாற்று நூல்கள் எங்கே?’ என்றே பெரும்பாலும் வினவுவார். அனுபவமிக்க நூலகர் இரண்டொரு மறுவினாக்களால் அவரது உண்மைத் தேவையை அறிந்துகொள்வார். வாசகரின் நேரத்தைக் காக்கும் விதி உயிர்பெறுவது அக்கணத்திலேயே. அத்திறன் அருகிருந்து பார்த்தும், செய்து பிழைத்தும், திருத்தப்பட்டுமே கைவருவது.

இங்கு ஊதியம் பற்றிய வினா எழுகின்றது. ஊதியமற்ற பயிற்சியை யார் ஏற்கக்கூடும்? குடும்பத்தாரின் உழைப்பில் ஓராண்டு வாழக்கூடியவர் மட்டுமே. ஆற்றல் இருந்தும் வசதியற்றவர் வாயிலிலேயே தடுக்கப்படுவர். எனவே பயிலுநருக்கான கொடுப்பனவை நிறுவனத்தின் கருணையாகக் கொள்ளுதல் தவறு. யார் நூலகராகலாம் என்பதைத் தீர்மானிக்கும் சமூகக் காரணி அது.

பயிலுநர் முறையிலும் ஆபத்து உண்டு. ஊதியம் வழங்கியும், நூல்களை அடுக்குவதற்கு மட்டும் அவரை வைத்திருந்தால் அது மலிந்த உழைப்பின் மறுபெயராகிவிடும். பொறுப்பேற்கும் மூத்த நூலகர் ஒருவர், பகுதிக்குப் பகுதி மாறிப் பயிலும் ஒழுங்கு, கற்பதற்கென ஒதுக்கிய நேரம், வாழப்போதிய கொடுப்பனவு ஆகிய நான்கும் ஒருங்கே அமைதல் வேண்டும்.

நூலகத்தை வளரும் உயிரியாகக் கண்ட ஐந்தாவது விதி, நூல்களோடும் வாசகரோடும் பணியாளரையும் அவ்வளர்ச்சியில் இணைத்தே நோக்குகின்றது. அவ்விதியை முழுமையாக ஏற்கும் பல்கலைக்கழகம், நூல் வாங்குவதற்கு நிதி ஒதுக்குவதுபோலவே நூலகரை வளர்ப்பதற்கும் நிதி ஒதுக்குதல் கடனாகும். இரங்கநாதனுக்குக் கிடைத்த வாய்ப்பு, அவர் வகுத்த விதிகளைக் கற்கும் தலைமுறைக்கும் கிடைத்தல் வேண்டும்.